இஷாக் பாயின் புறங்கை

பேகம்பூரில் போய் இஷாக் பாய் வீடு எது என்று கேட்டால், "எந்த இஷாக்கு? தோல் மண்டி இஷாக்கா, பொறங்கை இஷாக்கா?" என்று திருப்பிக் கேட்பார்கள். நாம் பார்க்கப் போவது இரண்டாமவரை. பந்தல், மேடை அலங்காரம், சீரியல் லைட், வெல்வெட் சோபா, நாற்காலி என்று விசேஷ வீட்டுக்கு வேண்டியதையெல்லாம் வாடகைக்கு விடுகிறவர். ஒல்லியான ஆள், நல்ல உயரம், சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர். திண்டுக்கல்லில் தான் மேடை போடாத மண்டபமே கிடையாது என்று சொல்லிக்கொள்வார். கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் பெரிய பொய் இல்லை.

பட்டப்பெயர் சும்மா வரவில்லை. மனிதர் எதையும் எடுத்த எடுப்பில் உள்ளங்கையால் தொட மாட்டார். பந்தல் கம்பியா, முதலில் புறங்கை. ஃபேன் ஸ்டாண்டா, புறங்கை. வீட்டு ஃபிரிட்ஜ், பஸ் கைப்பிடி, பாங்க் கதவு எதுவானாலும் விரல் முட்டிக்குப் பின்னால் ரோமம் படர்ந்திருக்கும் அந்தப் பக்கத்தை லேசாக வைத்து எடுத்து, ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகுதான் பிடிப்பார். பெருநாள் தொழுகை முடிந்து ஊரே கட்டித் தழுவிக் கை கொடுத்துக்கொண்டிருக்கும்போதும் இவர் கை ஒரு கணம் தயங்கும். எதிராளியின் கையைப் புறங்கையால் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் குலுக்குவார்.

"ஏன் பாய், எம் மேல என்ன த்ரீ ஃபேஸா ஓடுது?" என்று கேட்காத ஆள் அந்தத் தெருவில் இல்லை.

கேலி செய்கிறவர்களுக்கு என்ன? பட்டவர் அவர். இளவட்டமாக வேறொரு பந்தல்காரரிடம் வேலை பார்த்தபோது, மழை விட்ட ஒரு சாயங்காலம், கல்யாண வீட்டுப் பந்தல் கம்பியை இறுகப் பிடித்தார். கம்பி அவரைப் பிடித்துக்கொண்டது. மின்சாரம் பாய்ந்தால் விரல்கள் தாமாக மடங்கி இறுகிக்கொள்ளும். விடு, விடு என்று மனசு கத்தினாலும் கை கேட்காது. கூட வேலை பார்த்த எரியோட்டுக்கார மலைச்சாமி, சவுக்குக் கட்டை ஒன்றை எடுத்து மணிக்கட்டில் ஓங்கிப் போட்ட போடில்தான் கை விட்டது. புறங்கையால் தொட்டிருந்தால் கை மடங்குகிற வேகத்திலேயே கம்பியை விட்டு விலகியிருக்கும். அன்றைக்குப் பிறகு இஷாக் பாய்க்கு உலகத்தைத் தொட்டுப் பார்ப்பதற்குப் புறங்கைதான்.

மலைச்சாமி இன்றைக்கும் அவரிடம்தான் வேலை பார்க்கிறார். "அன்னைக்கி நான் அடிச்ச அடியை நெனைச்சுத்தான் பாய் எனக்குச் சம்பளமே ஏத்த மாட்டேங்குறாரு" என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார்.

சொந்தமாகத் தொழில் தொடங்கிய நாளிலிருந்து இஷாக் பாய்க்கு ஒரே ஒரு பெருமை. "இம்புட்டு வருசத்துல எம் பந்தல்ல ஒருத்தருக்காச்சும் ஷாக் அடிச்சதுன்னு யாராச்சும் சொல்லட்டும். அன்னைக்கே தொழிலை விட்டுட்டுப் போறேன்" என்பார். சொன்னால் செய்கிற ஆள்தான். ஆனால் செய்ய வேண்டிய சந்தர்ப்பமே வரவில்லை. மேடை போட்டு முடித்ததும் ஒவ்வொரு கம்பியாக, ஒவ்வொரு நாற்காலிக் காலாகப் புறங்கையை வைத்துக்கொண்டே ஒரு சுற்று வருவார். சமையல்காரர்கள் தங்கள் அண்டாவை அவர் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகும்வரை அடுப்புப் பற்றவைக்காமல் காத்திருப்பார்கள். கிண்டலுக்குத்தான் என்றாலும் காத்திருப்பார்கள்.

மகள் பர்ஹானா பிறந்தபோது, துணியில் சுற்றிக் கையில் கொடுத்த பிள்ளையின் கன்னத்தையும் அவர் புறங்கையால்தான் முதலில் தொட்டாராம். "அது புள்ளைங்க, ஸ்விட்ச் போர்டு இல்ல" என்று அவர் மனைவி ஃபாயிஸா படுக்கையில் இருந்தபடியே சத்தம் போட்டது ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது.

அந்தப் பர்ஹானாவுக்குத்தான் போன தை மாதம் நிச்சயம். காந்திகிராமத்தில் படித்து முடித்துவிட்டுச் சின்னாளபட்டியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். அதற்கு முன்னால் வந்த இரண்டு மூன்று இடங்கள் அது சரியில்லை, இது சரியில்லை என்று போய்விட்டன. பெண் கறுப்பு என்றார்கள், வேலைக்குப் போகக் கூடாது என்றார்கள், ஒரு வீட்டில் காரணமே சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் அப்பனிடம் "போனாப் போகட்டும் அத்தா" என்று சொல்லிவிட்டு அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துக்கொள்வாள். ஒட்டன்சத்திரத்தில் தக்காளி மண்டி வைத்திருக்கும் குடும்பத்துப் பையன் ஃபாரிஸ் மட்டும் போன் போட்டு, "உங்களுக்குச் சம்மதமாங்க? அதைச் சொல்லுங்க முதல்ல" என்று அவளிடமே கேட்டான். அன்றிலிருந்து பர்ஹானா தோசை ஊற்றும்போதும் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த இடமும் தட்டிப்போனால் பிள்ளை தாங்க மாட்டாள் என்று இஷாக் பாய்க்குத் தெரிந்தது. அவருக்கே தாங்காது.

ஆகவே எல்லாம் புதுசு. பைபாஸ் பக்கம் ஏ.சி. மண்டபம். மண்டபம் முழுக்க விரிக்க நைலான் கார்பெட், நல்ல ஆழ்ந்த சிவப்பு, கால் வைத்தால் புதையும். சோபாவுக்குப் புது வெல்வெட். கார்பெட் அழுக்காகக் கூடாது என்று வேலையாட்கள் அத்தனை பேருக்கும் சாக்ஸ் வாங்கிக் கொடுத்து, தானும் ஒரு ஜோடி மாட்டிக்கொண்டார். மலைச்சாமி வாழ்க்கையில் முதல் முறையாகச் சாக்ஸ் போட்டுக்கொண்டு, வழுக்கிவிடுமோ என்ற பயத்தில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்தே நடந்தார்.

மார்கழி தாண்டி உதடும் குதிகாலும் வெடிக்கிற வறண்ட பருவம் அது. போதாததற்கு ஏ.சி. வேறு.

"பாய், கதவுப் பிடியைத் தொட்டாச் சுருக்குங்குது" என்றார் மலைச்சாமி, காலையிலேயே.

இஷாக் பாய் டெஸ்டரை எடுத்துக்கொண்டு ஓடினார். கதவுப் பிடியில் வைத்தார். எரியவில்லை.

"ஒன்னும் இல்லையே."

"டெஸ்டருக்கு இல்ல பாய். எனக்குச் சுருக்குங்குது."

சீரியல் செட் ஒயர் முழுவதையும் அவிழ்த்தார். ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் புது டேப் சுற்றினார். எர்த் ஒயரைப் பிடுங்கி மறுபடி போட்டார். அவர் புறங்கைக்கே ஒருமுறை மேடை நாற்காலிக் கைப்பிடியில் 'டிக்' என்று ஊசி குத்தினாற்போல் பட்டது. உடனே அந்தப் பக்கத்து ஒயரையே கழற்றி வீசிவிட்டு வேறு ஒயர் இழுத்தார். ஆயுசு முழுக்க ஒயரோடு மல்லுக்கட்டிய மனுசனுக்கு, ஷாக் என்றால் ஒயர்தான் ஞாபகம் வரும். குனிந்து காலுக்கடியில் பார்க்க எவனுக்குத் தோன்றும்? வியர்க்க விறுவிறுக்க வேலையை முடித்துக் குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு வருவதற்குள் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது.

மாப்பிள்ளையின் அம்மா பக்ருன்னிசா நல்ல கனமான, கலகலப்பான பெண்மணி. குதிகாலில் பித்தவெடிப்பு, அதற்கு மருந்து போட்டுச் சாக்ஸ் மாட்டியிருந்தார். ஜார்ஜெட் சேலை. வெல்வெட் சோபாவில் சாய்ந்து, இந்தப் பக்கம் திரும்பி ஒருவரிடம், அந்தப் பக்கம் திரும்பி ஒருவரிடம் என்று உடம்பு முழுக்க அசையப் பேசிக்கொண்டிருந்தார். துஆ ஓதி முடிந்தது. "செயின் போடுங்கம்மா" என்றார்கள். பக்ருன்னிசா தங்கச் செயினை எடுத்துக்கொண்டு சோபாவிலிருந்து எழுந்து, கார்பெட்டில் பாதம் தேய நடந்து, மேடையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த மருமகளிடம் போனார்.

செயின் காதோரம் பட்டதும் 'டிக்'. "அத்தா!" என்று பர்ஹானா அலறித் துள்ளினாள். செயின் நழுவித் தரையில் விழுந்தது.

பக்ருன்னிசா செயினைப் பொறுக்கிக்கொண்டு, படபடப்பாக வருகிறது என்று திரும்பப் போய்ச் சோபாவில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பிறகு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு எழுந்து வந்து, முதலில் பிள்ளையின் கையைப் பிடிக்கலாம் என்று விரலை நீட்டினார். வளையலில் விரல் படுவதற்குள் மறுபடி 'டிக்'. இந்தத் தடவை அலறியது பக்ருன்னிசா.

மாப்பிள்ளையின் பெரியப்பா அப்துல் வாஹித் எழுந்தார். எந்த விசேஷத்திலும் கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஆள் ஒருவர் இருப்பார் அல்லவா, அவர்தான்.

"ஏனுங்க பாய், பந்தக்காரரு வூட்டு விசேஷத்துலயே கரண்டு லீக்குங்களா?"

இஷாக் பாய்க்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "எம் மேடையில லீக்கா? இருங்க" என்று விறுவிறுவென்று போய் மெயினையே இறக்கிவிட்டார். விளக்கு அணைந்தது, ஏ.சி. நின்றது. கனத்த திரைகள் போட்ட மண்டபம் கிட்டத்தட்ட இருட்டாகிவிட்டது. "இப்ப ஊருக்கே கரண்டு இல்லைன்னு வைங்க. சம்பந்தி, சோபாவுல இருந்து எந்திரிச்சு வந்து இப்பப் போடுங்க, பாப்போம்" என்றார்.

பாவம், பக்ருன்னிசா மறுபடி போய் உட்கார்ந்து, எழுந்து, நடந்து வந்தார். செயின் நுனி பர்ஹானாவின் கழுத்தை நெருங்கியபோது, நீலமாக ஒரு பொறி பறந்ததை அந்த அரையிருட்டில் அத்தனை பேரும் பார்த்தார்கள். "யா அல்லாஹ்" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரே குரல்.

இஷாக் பாய்க்கு ஒரு கணம் நெஞ்சு நிமிர்ந்தது. ஒயர் மேல் தப்பில்லை, நிரூபித்தாயிற்று. அடுத்த கணமே தான் செய்து வைத்த காரியம் அவருக்குப் புரிந்தது.

"அப்ப கரண்டு இல்லீங்க" என்றார் அப்துல் வாஹித், மெதுவாக. "புள்ளைகிட்டதானுங்க என்னமோ இருக்குது. நான் தப்பாச் சொல்லலைங்க. நிச்சயத்தைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கிட்டு, ஓதிப் பாக்குறவங்க யாருகிட்டயாச்சும் காட்டிப்போட்டு, அப்புறமாப் பேசிக்கலாமுங்க."

பர்ஹானா தலையை நிமிர்த்தவே இல்லை. 'போனாப் போகட்டும் அத்தா' என்று அவள் சொல்லத் தயாராகிக்கொண்டிருக்கிறாள் என்று அப்பனுக்குத் தெரிந்தது. பழி ஒயரோடு போயிருக்கும். அதை அங்கேயிருந்து கிளப்பிக் கொண்டுவந்து பெற்ற பிள்ளையின் தலையில் வைத்தது அவருடைய வீம்பு. தன் மேலேயே அவருக்கு அத்தனை ஆத்திரம் வந்தது.

மகளிடம் போகலாம் என்று சோபாவை ஒட்டி நடந்தார். வெல்வெட்டை உரசிக்கொண்டு போன கையில் என்னவோ ஊர்ந்தது. பார்த்தார். புறங்கை ரோமம் முழுவதும் எழுந்து நின்று சோபாப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. கையை விலக்கினார், படுத்தது. கிட்டே கொண்டுபோனார், எழுந்தது. மெயின் இறங்கிக் கிடக்கிறது. ரோமம் எழுந்து நிற்கிறது. மேடை நாற்காலியின் இரும்புக் கைப்பிடியைக் கை நீட்டித் தொட்டார். 'டிக்' என்று அவருக்கும் அடித்தது.

தனக்கும் அடிக்கிறது. காலையில் மலைச்சாமிக்கும் அடித்தது. அப்போது பர்ஹானா வீட்டில் அல்லவா இருந்தாள்? இஷாக் பாய் குனிந்து, முதல் முறையாகத் தன் காலைப் பார்த்தார். சாக்ஸ். சாக்ஸுக்குக் கீழே, கொள்ளை ஆசையோடு வாங்கிய சிவப்புக் கார்பெட்.

பிறகு அவர் செய்ததை அந்த ஊரில் இன்றுவரை நடித்துக் காட்டுகிறார்கள். மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை, மலைச்சாமி காலையில் நடந்த மாதிரியே, காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தார். பெண்ணுக்கு நிச்சயம் நின்ற துக்கத்தில் மனுசனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் பலரும் நினைத்தார்கள். நேரே அப்துல் வாஹித் முன்னால் போய் நின்று, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று கையை நீட்டினார். புறங்கை இல்லை, ஒழுங்கான கை. சலாமுக்குப் பதில் சொல்லிக்கொண்டே கை நீட்டிய பெரியவர், விரல் நுனி பட்டதும் "அய்யோ!" என்று கையை உதறிக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

"ஒங்ககிட்டயும் என்னமோ இருக்கு பாய்" என்றார் இஷாக். "யாருகிட்ட ஓதிப் பாக்கலாம்?"

முதலில் சிரித்தது மாப்பிள்ளை ஃபாரிஸ். சிரித்துவிட்டு, பெரியப்பா முறைப்பதையும் பார்க்காமல், "மாமா, எனக்கும் ஒண்ணு குடுங்க" என்று எழுந்து வந்தான். இஷாக் பாய் மறுபடி ஒரு நடை தேய்த்துவிட்டு வந்து அவனுக்கும் ஒன்று கொடுத்தார். அடுத்தது மாப்பிள்ளையின் அப்பா நூர் அகமது. அப்புறம் வரிசையே நின்றுவிட்டது. இந்த மனிதர் இத்தனை வருஷம் பொத்திப் பொத்திக் காப்பாற்றிய பெருமை, ஒருத்தருக்கும் ஷாக் அடிக்காத பந்தல் என்ற அந்தப் பெயர், அவர் கையாலேயே கந்தலாகிக்கொண்டிருந்தது. அவரோ கல்யாணக் களையோடு முகமெல்லாம் சிரிப்பாக, "ஒங்களுக்கு அடிச்சிருச்சா? ஒங்களுக்கு?" என்று ஆள் ஆளாகக் கேட்டுக்கொண்டு போனார்.

விஷயம் சின்னதுதான். பள்ளிக்கூடத்தில் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்கை ஒட்டவைத்து விளையாடியவர்களுக்குத் தெரிந்ததுதான். நைலானும் வெல்வெட்டும் ஜார்ஜெட்டும் உரசிக்கொள்ளும்போது ஒன்றிடமிருந்து ஒன்றுக்குக் கொஞ்சம் மின்சாரம் கைமாறுகிறது. காற்றில் ஈரம் இருந்தால் சத்தமில்லாமல் கசிந்து போய்விடும். உலர்ந்த காற்றில் போக வழியில்லாமல் உடம்பிலேயே தங்கிக் கிடக்கும். இரும்போ தங்கமோ இன்னொருவர் விரலோ கிட்டே வந்ததும், தொடுவதற்குள் அவசரமாகத் தாவிவிடும். அந்தத் தாவல்தான் 'டிக்'. ஆளைக் கொல்லாது, ஆனால் நிச்சயத்தைக் கொல்லப் பார்த்தது. இப்போதெல்லாம் ஏ.சி. மண்டபத்தில் கார்பெட் விரித்தால் இஷாக் பாய் பன்னீர்ச் செம்பை எடுத்து ஒரு சுற்றுத் தெளித்துவிட்டுத்தான் ஆட்களை உள்ளே விடுகிறார். சாக்ஸுக்குத் தடை.

அன்றைக்கு மெயினைத் தூக்கிவிட்டு, விளக்கு வந்த பிறகும் சிரிப்பு அடங்கவில்லை. அப்துல் வாஹித்தே தான் போட்டிருந்த சாக்ஸைத் தேய்த்துக்கொண்டு போய் மலைச்சாமியின் கழுத்தில் விரலை வைத்துவிட்டு, பந்தயத்தில் ஜெயித்தவர் மாதிரி திரும்பி வந்தார். மலைச்சாமி கழுத்தைத் தடவிக்கொண்டே இஷாக் பாயிடம் வந்தார்.

"பாய், ஒருத்தருக்கு அடிச்சாத் தொழிலை விட்டுட்டுப் போறேன்னு சொன்னீங்க. இன்னைக்கி ஊருக்கே அடிச்சிருக்கீங்க."

"விட்டுர்றேன்யா. மொதல்ல எம் மக நிச்சயம் முடியட்டும்."

ஆனால் பக்ருன்னிசா செயினைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் சோபாவிலேயே உட்கார்ந்திருந்தார். எல்லோரும் சிரித்தபோது அவரும் சிரித்தார்தான். எழுந்திருக்கத்தான் தைரியம் இல்லை.

"எனக்குப் புரியுதுங்க, புள்ளை மேல ஒண்ணும் இல்லைங்க" என்றார். "ஆனா இப்ப நான் எந்திரிச்சு வந்தா மறுக்காவும் புள்ளைக்குத்தானுங்களே அடிக்கும்? மூணு தடவை ஷாக் அடிக்க வெச்சுப்போட்டேன். இன்னொருக்கா எனக்கு மனசு வரலைங்க."

இஷாக் பாய் சாக்ஸைக் கழற்றி எறிந்தார். மேடைக்கு முன்னால் கார்பெட்டை ஒரு முழம் சுருட்டிவிட்டு, வெறுந்தரையில், மகளுக்கும் சம்பந்தி வரும் வழிக்கும் நடுவே முழங்கால் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க பாட்டுக்கு வாங்க சம்பந்தி. ஒங்ககிட்ட இருக்குறதை எனக்குக் குடுத்துட்டு, வெறும் செயினை அவளுக்குப் போடுங்க."

பக்ருன்னிசா எழுந்து, தயங்கித் தயங்கி நடந்து வந்தார். இஷாக் பாய் கையை நீட்டினார். பழக்கம் அல்லவா, புறங்கைதான் முதலில் வந்தது. அதை ஒரு கணம் பார்த்தார். பிறகு கையைத் திருப்பி, உள்ளங்கையை விரித்து வைத்தார். அந்தக் கம்பி பிடித்த நாளுக்குப் பிறகு, ஷாக் அடிக்கும் என்று தெரிந்த ஒரு உலோகத்துக்கு அவர் உள்ளங்கையைக் காட்டியது அன்றைக்குத்தான். எல்லோரும் பார்த்தார்கள், யாரும் சிரிக்கவில்லை.

செயின் நுனி உள்ளங்கைக்கு மேலே வந்தது. 'டிக்.'

கை மடங்கவில்லை. இஷாக் பாய் கண்ணை மட்டும் இறுக்கி மூடித் திறந்தார். "இப்பப் போடுங்க" என்றார்.

பக்ருன்னிசா குனிந்து பர்ஹானாவின் கழுத்தில் செயினைப் போட்டுக் கொக்கியை மாட்டினார். பர்ஹானா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு ஒரு கண்ணைத் திறந்து, தரையில் உட்கார்ந்திருந்த அப்பனைப் பார்த்தாள்.

"ஒன்னுமே தெரியல அத்தா" என்றாள்.